கூனியும் குறளனும்



உடற்குறையைக் காட்டி நகைப்பூட்டுவது கூத்துமேடை முதல் திரைப்படம் வரை தொடர்ந்துவரும் எளிய உத்தி. அந்நகைப்பில் தொடங்கி, அதனைக் கடந்து செல்லும் பாட்டொன்று கலித்தொகையில் உண்டு. மருதன் இளநாகனார் பாடிய மருதக்கலியின் 94ஆம் பாட்டு அது.

அரண்மனை ஏவலராகிய கூனியும் குறளனும் அதில் உரையாடுகின்றனர். சூதாடு பலகையை நிமிர்த்து நிறுத்தியது போன்றவன் என்று அவள் இகழ்கிறாள். முன்னே தழுவினால் கூன் நெஞ்சில் ஊன்றும், பின்னே தழுவினால் கூச்சம் எழும், பக்கத்தே சிறிது தழுவ அருள்க என்கிறான் அவன். உலகம் தம்மைப் பார்க்கும் கண்ணாலேயே இருவரும் ஒருவரையொருவர் பார்க்கின்றனர்.

பின்னர், இனி நமக்குள் நகையாடல் வேண்டா என அரசன் அடிமேல் ஆணை பிறக்கிறது. உடல் மாறவில்லை, பார்வை மாறியது. ஆயினும் அரண்மனையில் காண்போர் நகைப்பரே என்னும் கவலை எஞ்சுகிறது. ஆகவே தழுவுதற்குச் சோலையை நாடுகின்றனர். தம்மைத் தாம் ஏற்ற பின்னும் ஊர் ஏற்கவில்லை என்பதே பாட்டின் உள்வலி.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. பொதுவிடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவோர்க்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்றும் விதித்தது. வாய்ச்சொல்லைச் சட்டம் தண்டிக்கும். கடைக்கண் நகைப்பை என்செய்யும்? ஒரகடத்து ஆலை வாயிலிலும் ஊர்ச் சந்தையிலும் அந்நகைப்பை நாணச் செய்வது கவிஞர் கடன். அவ்விருவரும் சோலையில் மறையவேண்டாத ஓர் ஊரைப் பாடுக!