கற்பூரம் என்னும் சொல் பிறந்த காடு



தீபாராதனைத் தட்டில் ஏற்றப்படும் கற்பூரம் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தது என்றே கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பலரும் எண்ணுவர். சொல்லும் பொருளும் வந்த வழி அதற்கு நேர்மாறானது.

மலாய் மொழியில் 'காப்பூர்' என்றால் சுண்ணாம்பு. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு இன்றும் 'காப்பூர் சீரே' எனப்படுகிறது. காட்டு மரமொன்றின் உள்ளே வெண்மையாய் உறைந்து கிடந்த நறுமணப் பொருளுக்கும், நிறம் பற்றி அப்பெயரே அமைந்தது. சுமத்திராவின் பாருஸ் துறைமுகத்திலிருந்து கடல் கடந்தமையால் அது 'காப்பூர் பாருஸ்' ஆயிற்று. அச்சொல்லே வடமொழியில் கர்ப்பூரம் எனவும் அரபியில் காஃபூர் எனவும் திரிந்தது என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. ஆண்டாள் பாசுரத்தில் உள்ள வடிவம் 'கருப்பூரம்'. கருமைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த கி.பி. 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரைக் கூறுகிறது. அதில் பேசப்படுவது கஸ்தூரியின் விலை. எனினும் அத்துறைமுகத்திற்குப் புகழ் தேடித் தந்தது கற்பூரமே.

மரத்தை வீழ்த்திப் பிளந்த பின்பே உள்ளே கற்பூரம் உண்டா இல்லையா என்பது தெரியும். பல மரங்கள் வீணே சாய்ந்தன. ஜொகூரின் ஜக்குன் மக்கள் கற்பூரம் தேடிக் காட்டில் தங்கும் நாள்களில் அன்றாடச் சொற்களை விலக்கித் தனிமொழி ஒன்றையே பேசினர். உணவிலும் கட்டுப்பாடு காத்தனர். காவடிக்கு விரதம் இருந்தோருக்கு இது எளிதில் விளங்கும்.

அந்த மரத்துப் பொருளே பச்சைக் கற்பூரம். தட்டில் எரியும் சூடமோ வேறு. முன்னர் சீனம், ஜப்பான், தைவான் நாடுகளின் மற்றொரு மரத்திலிருந்து எடுக்கப்பட்டது. இன்று பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்யப்படுகிறது. தலைவலித் தைலங்களில் சேர்வதும் இவ்வினமே. பெயர் ஒன்றாயிருப்பதால் இதனைத் தீர்த்தத்தில் இட்டுவிடுவோரும் உளர். இது பெருந்தவறு. சிறிதளவு விழுங்கினாலும் குழந்தைகளுக்கு வலிப்பு வரக்கூடும். பச்சைக் கற்பூரம் என விற்கப்படுவதிலும் செயற்கைச் சரக்கு கலந்துவிட்டது. ஆதலின், உண்ணத்தக்கது என உறுதியாகாத எதனையும் தீர்த்தச் செம்பில் சேர்த்தலாகாது. குருக்களும் நிர்வாகத்தினரும் இதில் கண்ணாயிருத்தல் வேண்டும்.

காப்பூர் மரத்தைக் காண விரும்புவோர் சுமத்திரா செல்ல வேண்டியதில்லை. பத்துமலையிலிருந்து சற்றுத் தொலைவில், கெப்போங் வன ஆய்வுக் கழகத்தில் அவை ஓங்கி நிற்கின்றன. உச்சிக் கிளைகள் ஒன்றையொன்று தீண்டாமல் இடைவெளி விட்டு விரிந்திருக்கும். கீழே உதிர்ந்து கிடக்கும் இலையைக் கசக்கி முகர்ந்தால் அந்த மணம் தெரியும்.