மரப் பொந்தில் ஒரு நீலக் குருவி



இன்று ஒரு சின்னக் குருவியைப் பற்றிப் பேசப் போகிறேன். இது மயில் மாதிரி பெரிய பறவை இல்லை. கிளி மாதிரி கூச்சல் போடாது. அதனால் இதைப் பலருக்குத் தெரியாது. ஆனால் விறகுக்குக் காட்டுக்குப் போகிறவர்கள் இதன் பக்கத்தில் நடந்து போயிருப்பீர்கள்.

கோடையில் இலை உதிர்ந்து நிற்கும் வறண்ட காடுகள் நம் நாட்டில் நிறைய உண்டு. அங்கே ஓடை ஓரத்திலும் மூங்கில் புதரிலும் இது இருக்கும். மத்தியப் பிரதேசத்திலும் உண்டு. தமிழ்நாட்டிலும் உண்டு.

சிட்டுக்குருவி அளவுதான். நீளம் சுமார் 14 சென்டிமீட்டர். ஆண் குருவியின் முதுகு நல்ல நீலம். நெஞ்சு ஆரஞ்சு நிறம். வயிறு வெள்ளை. பெண் குருவியின் நிறம் கொஞ்சம் மங்கல்.

தாழ்ந்த கிளையில், நிழலில், நிமிர்ந்து உட்காரும். பூச்சி பறந்து வந்தால் சட்டென்று பாயும். காற்றிலேயே பிடிக்கும். திரும்ப வந்து உட்காரும். பொழுது சாய்ந்த பிறகும் இதற்கு வேலை ஓயாது. நம் வீட்டுப் பெண்கள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இது எங்கே கூடு கட்டுகிறது? மரப் பொந்தில். பட்ட மரத்தின் கட்டையில். ஓடைக் கரையில் உள்ள குழியில். காய்ந்த இலை, புல், மெல்லிய வேர் இவைதான் கூடு. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை முட்டையிடும் காலம். 3 முதல் 5 முட்டைகள் இடும்.

நாம் பட்ட மரம் தேடிப் போவதும் கோடையில்தான். விறகு இல்லாமல் அடுப்பு எரியாது. அதை யாரும் மறுக்க முடியாது. கீழே விழுந்த சுள்ளியைப் பொறுக்கினால் குருவிக்கு ஒன்றும் இல்லை. பொந்து உள்ள கட்டையை வெட்டினால் குஞ்சோடு கூடு போகும். வெட்டும் முன் எட்டிப் பாருங்கள். உள்ளே சருகும் வேரும் தெரிந்தால், ஆகஸ்ட் முடியும் வரை அந்தக் கட்டை நிற்கட்டும்.

தீ இன்னும் மோசம். மத்திய இந்தியாவில் இலுப்பைப் பூ பொறுக்குவதற்காகச் சிலர் மரத்தடிச் சருகைக் கொளுத்துகிறார்கள். தீ அங்கேயே நிற்குமா? விளக்குமாற்றால் கூட்டினாலே இடம் சுத்தமாகிவிடுமே.

புத்தகத்தில் இதன் பெயர் டிக்கெல் நீல ஈப்பிடிப்பான். டிக்கெல் ஓர் ஆங்கிலேயப் படை அதிகாரி. 1843-ஆம் ஆண்டில் எட்வர்டு பிளைத் என்பவர் இந்தக் குருவியைப் பற்றி முதலில் எழுதி வைத்தார். அவரும் ஆங்கிலேயர்தான்.

உங்கள் பாட்டி, தாத்தா இதை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இதோ சாக்பீஸ். அந்தப் பெயரை நீங்களே கரும்பலகையில் எழுதுங்கள்.