ஜன்னல் ஓட்டைக்கும் கூலியா?

பூச்சு வேலை முடிந்து கணக்குப் பார்க்கும்போது வீட்டுக்காரருக்கும் மேஸ்திரிக்கும் ஒரு வழக்கு வரும். "சுவரைப் பூசினீங்க, சரி. ஜன்னல் இருக்கிற இடத்துக்கும் எதுக்குங்க காசு?" கேள்வி நியாயம்தான். பதிலும் நியாயமானதுதான்.

கட்டட வேலைகளை அளப்பதற்கென்றே ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. அதன்படி அரை சதுர மீட்டர் வரையுள்ள திறப்பைக் கழிக்கவே வேண்டாம். அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, சுவரின் இரு பக்கமும் ஒரே பூச்சென்றால், ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும். 4-க்கு 4 அடி ஜன்னல் ஏறக்குறைய ஒன்றரை சதுர மீட்டர். ஆக, 16 சதுர அடி உங்களுக்குக் கழியும். மறுபக்கத்து 16 மேஸ்திரிக்கு நிற்கும்.

ஏன் அப்படி? ஜன்னலின் நாலு ஓரத்தையும் உள்ளே மடக்கிப் பூச வேண்டுமே! வெற்றுச் சுவரைவிட அங்கேதான் கைவேலை அதிகம் பிடிக்கும். அதற்குத் தனிக் கூலி கிடையாது. 3 சதுர மீட்டரைத் தாண்டினால்தான் இரு பக்கமும் கழித்து, ஓரங்களைத் தனியாக அளப்பார்கள்.

வாய்ப்பேச்சு ஒப்பந்தத்தில் இதெல்லாம் வராது. அளவு எந்த விதிப்படி என்று தாளில் ஒரு வரி, வேலை தொடங்கும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.