கொழுப்பு வீக்கமும் அதற்குரிய அறுவை முறைகளும்

நோய்களுள் சில, தாம் தரும் துன்பத்தினும் பிறர் சொல்லும் சொல்லால் மிகுந்த துன்பத்தை விளைவிப்பன. லிப்பிடீமா என்று மருத்துவ நூல்கள் வழங்கும் நோய் அத்தகையது. தமிழில் இதனைக் கொழுப்பு வீக்கம் என்று கூறலாம். இடைக்கு மேல் மெலிந்தும், இடைக்குக் கீழ் பருத்தும் இருக்கும் ஒரு பெண்ணைக் கண்டால், 'சோற்றைக் குறை. நாள்தோறும் நட' என்று அறிவுரை கூறாதவர் அரியர். அவளும் சோற்றைக் குறைக்கிறாள், நடக்கிறாள். முகம் வாடுகிறது, தோள் எலும்பு தெரிகிறது, கால்கள் மட்டும் பெரிதும் இருந்தபடியே இருக்கின்றன. அப்பொழுதும் உலகம் அவளை நம்புவதில்லை. மறைவாக உண்கிறாள் என்றே எண்ணுகிறது. நாளடைவில் அவளே தன்னை நம்பாதவளாகிவிடுகிறாள்.

இது உண்டியால் வந்த குற்றமன்று, தனியானதொரு நோய் என்பதை 1940ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ஆலன், ஹைன்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் எடுத்துக் காட்டினர். 1951இல் வோல்ட் என்பவரும் அவர்களோடு சேர்ந்து, 119 நோயாளிகளின் வரலாற்றை ஆராய்ந்து வெளியிட்டார். அவ்வாறிருந்தும் இந்நோய் நெடுங்காலம் மருத்துவர் பலராலும் அறியப்படாமலே கிடந்தது. 2022ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் இதற்குத் தனியிடம் தரப்பட்டுள்ளது.

இந்நோய் பெரும்பாலும் பெண்களுக்கே வருவது. பூப்பெய்தும் காலம், கருவுற்ற காலம், மாதவிடாய் நிற்கும் காலம் ஆகிய மூன்றனுள் ஒன்றில் தலைகாட்டுவது வழக்கம். குடும்பத்தில் தாய்க்கோ அத்தைக்கோ இருந்திருப்பதும் உண்டு. இரு கால்களிலும் ஒரே அளவாகக் கொழுப்புச் சேரும். சிலருக்குக் கைகளிலும் சேரும். ஆனால் அவ்வீக்கம் கணுக்காலோடு நின்றுவிடும். பாதம் மெலிந்தே இருக்கும். கணுக்காலைச் சுற்றித் தண்டை அணிந்தாற்போல ஒரு மடிப்புத் தோன்றும். அழுத்தினால் வலி, சிறிது இடித்துக்கொண்டாலும் தோல் கன்றி நீலம் பாரித்தல், மாலையில் கால் கனத்தல் ஆகியவை பிற அடையாளங்கள். சாதாரண உடற்பருமனில் கொழுப்பு வலிப்பதில்லை, இதில் வலிக்கிறது. இவ்வொன்றை நினைவில் வைத்தாலே பாதி ஐயம் தீரும்.

நம் நாட்டில் இங்கு ஒரு மயக்கம் நேர்வது இயல்பு. கால் வீங்கியவரைக் கண்டவுடன் யானைக்கால் நோய் என்று எண்ணுவது நமக்குப் பழக்கம். யானைக்கால் நோயில் நிணநீர் செல்லும் வழிகள் கெட்டு, நீர் தேங்குகிறது. அவ்வீக்கம் பெரும்பாலும் ஒரு காலில் மிகுந்தும் மற்றொன்றில் குறைந்தும் இருக்கும். பாதமும் விரல்களும் தப்புவதில்லை. கால் கட்டைவிரலுக்கு அடுத்த விரலின் அடியில் தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்ப்பது ஓர் எளிய சோதனை. நிணநீர் தேங்கிய காலில் அத்தோல் தடித்துக் கையில் அகப்படாது. கொழுப்பு வீக்கத்தில் எளிதாக அகப்படும். ஆனால் முற்றிய கொழுப்பு வீக்கத்தோடு நிணநீர் வீக்கமும் சேர்வதுண்டாதலின், முடிவு கூறுதல் மருத்துவர் கடமையாகும்.

அறுவையைப் பற்றிப் பேசுமுன், அறுவையில்லாத சிகிச்சையைக் கூறிவிடுதல் முறை. அளவெடுத்துத் தைத்த இறுக்கமான காலுறை, நிணநீரை மெல்ல வழிப்படுத்தும் பிடித்துவிடுதல், நீரில் நடத்தல், நீந்துதல் ஆகியவை வலியையும் கனத்தையும் குறைக்கும். உடல் எடை மிகாமல் காத்தலும் இன்றியமையாதது. ஆயினும் இவை, சேர்ந்துவிட்ட நோய்க் கொழுப்பைக் கரைப்பதில்லை. அதனை வெளியே எடுக்க இன்று உள்ள வழி, லைப்போசக்ஷன் எனப்படும் கொழுப்பு உறிஞ்சும் அறுவையே. அதில் முறைகள் பல. அவற்றுள் எது ஏற்றது என்பதே நாம் இங்கு ஆராயப் புகுந்த பொருள்.

இவ்வறுவையின் வரலாறு ஒரு துயரத்தில் தொடங்குகிறது. 1920களில் பாரிஸ் நகரத்தில் துஜாரியே என்னும் அறுவை மருத்துவர், நடனமாது ஒருத்தியின் காலை மெலிதாக்க விரும்பி, சுரண்டும் கருவியால் கொழுப்பைச் சுரண்டி எடுத்தார். இரத்த ஓட்டம் கெட்டு, அக்காலையே வெட்டி எடுக்கும்படி நேர்ந்தது. அதன்பின் சுமார் அரை நூற்றாண்டு கழிந்தே, 1970களில், இத்தாலியில் ஃபிஷர் என்னும் பெயருடைய தந்தையும் மகனும், பிரான்சில் இல்லூஸ் என்பவரும் குழலால் உறிஞ்சும் முறையைக் கண்டனர். 1977இல் இல்லூஸ் செய்த மாறுதல் சிறியது. ஆனால் பெரும்பயன் உடையது. கூர்மையான கருவியை விடுத்து, முனை மழுங்கிய குழலை அவர் எடுத்துக்கொண்டார். கூர்முனை எதிர்ப்பட்டதையெல்லாம் அறுக்கும். மழுங்கிய முனையோ நரம்பையும் நாளத்தையும் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டுக் கொழுப்பினூடே செல்லும்.

அழகுக்காகச் செய்யும் அறுவைக்கும், இந்நோய்க்காகச் செய்யும் அறுவைக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விடத்தில் மனங்கொள்ள வேண்டும். கொழுப்பு வீக்கமுள்ள காலில் தோலுக்குக் கீழே மெல்லிய நிணநீர்க் குழாய்கள் ஓடுகின்றன. அவை முன்னரே மிகுந்த சுமையைத் தாங்குபவை. கொழுப்பை எடுக்கும் கை அவற்றையும் சிதைத்துவிட்டால், ஒரு வீக்கம் போய் மற்றொரு வீக்கம் வந்து சேரும். பின்னதற்கு முன்னதினும் மருந்து அரிது. ஆகவே, எவ்வளவு கொழுப்பு வெளிவந்தது என்பது மட்டும் அளவுகோலாகாது. நிணநீர் வழிகள் எவ்வளவு காக்கப்பட்டன என்பதே முதல் அளவுகோல்.

இவ்வளவுகோலை வைத்துக்கொண்டு முறைகளை நோக்குவோம். முதலாவது, உலர் முறை. எவ்வித நீரும் செலுத்தாமல் நேரே உறிஞ்சுவது இது. வெளிவருவதில் 100க்கு 20 முதல் 45 பங்கு வரை இரத்தமாகவே இருந்தது என்று நூல்கள் கூறும். இம்முறை கைவிடப்பட்டது; இந்நோய்க்கு அது ஆகவே ஆகாது.

இரண்டாவது, நீர் நிரப்பும் முறை. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜெஃப்ரி கிளைன் என்னும் தோல் மருத்துவர் 1987இல் இதனை வெளியிட்டார். உப்பு நீரில் லிடோகேயின் என்னும் மரப்பு மருந்தையும், அட்ரினலினையும் மிக நீர்த்த அளவில் கலந்து, தோல் விறைக்கும் வரையில் கொழுப்பினுள் செலுத்துவர். அட்ரினலின் இரத்த நாளங்களைச் சுருக்கிவிடும். லிடோகேயின் வலியை மாற்றிவிடும். இரத்த இழப்பு 100க்கு 1 பங்கு என்னும் அளவுக்கு இறங்கிற்று. முழு மயக்கம் இன்றியே அறுவை செய்தலும் கைகூடிற்று. இன்றைய நல்ல முறைகளுக்கெல்லாம் இதுவே அடிப்படை.

ஆனால் இதிலும் ஒரு காவல் வேண்டும். அட்ரினலினோடு சேர்த்துச் சாதாரணமாகச் செலுத்தும் லிடோகேயின், உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 7 மில்லிகிராம் என்னும் எல்லைக்கு உட்பட்டது. நீர்த்த கலவையில் 35 மில்லிகிராம் வரை தாங்கும் என்று கிளைன் 1990இல் காட்டினார்; பிற்காலத்து நெறிகள் சில 55 வரையும் இடம் தந்தன. அம்மருந்து இரத்தத்தில் உச்ச அளவை எட்டுவது சுமார் 12 மணி நேரம் கழித்து. நோயாளி வீட்டிற்குச் சென்று படுத்திருக்கும் வேளை அது. எனவே அறுவை முடிந்தவுடன் அபாயம் முடிந்தது என்று எண்ணலாகாது.

மூன்றாவது, அதிர்குழல் முறை. நீர் நிரப்பிய பின்னர், 3 அல்லது 4 மில்லிமீட்டர் அளவுள்ள மெல்லிய குழலைப் பொறியால் நிமிடத்திற்குச் சில ஆயிரம் முறை முன்னும் பின்னும் அதிரச் செய்வர். கையின் வலிமையால் குத்தித் தள்ள வேண்டுவதில்லை. இந்நோயில் கொழுப்பு நார் கலந்து இறுகியிருப்பதால், இவ்வுதவி பெரிதும் வேண்டப்படுகிறது. மருத்துவரின் கை சோராதிருப்பதும் நோயாளிக்கு நன்மையே.

நான்காவது, நீர்த்தாரை முறை. நாற்றைப் பறிக்கும் உழவர் வேரில் ஒட்டிய மண்ணை மண்வெட்டியால் கொத்துவதில்லை, நீரில் அலசுகிறார். மண் கரைகிறது, வேர் நிற்கிறது. அதுபோலவே விசிறிபோல் விரியும் மெல்லிய நீர்த்தாரையால் கொழுப்பைப் பிரித்து, அதே வேளையில் உறிஞ்சி எடுப்பர். முன்கூட்டிச் செலுத்தும் நீரின் அளவு குறைகிறது. 2009இல் வெளிவந்த ஜெர்மானிய ஆய்வொன்று, இம்முறையால் 30 நோயாளிகளிடமிருந்து எடுத்த கொழுப்பை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, அதில் நிணநீர்க் குழாயின் சிதைவு மிகச் சிறிதே என்று கண்டது.

ஐந்தாவதாக, வெப்பம் உண்டாக்கும் முறைகளைக் கூற வேண்டும். செவிக்கெட்டாத ஒலியலையால் கொழுப்பைக் குழம்பாக்கும் முறையை இத்தாலியரான சோக்கி பரப்பினார். தொடக்கக் காலக் கருவிகளால் தோல் வெந்ததும், உள்ளே நீர் கட்டியதும் உண்டு. பிற்காலக் கருவிகள் திருந்தியுள்ளன. லேசர் ஒளியால் உருக்கும் முறை சிற்றிடங்களுக்குப் பயன்படலாம். தொடை முதல் கணுக்கால் வரை பரந்த இந்நோயில், நிணநீர்க் குழாய்களுக்கு அருகே வெப்பத்தைச் செலுத்துவது எச்சரிக்கைக்கு உரியது. இந்நோய்க்கு அறுவையை முதலில் வளர்த்த ஜெர்மனியில் அதிர்குழலும் நீர்த்தாரையும் முன்னிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதிர்குழலா, நீர்த்தாரையா, எது மேல் என்று சிலர் கேட்பர். இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தி, பெருந்தொகையான நோயாளிகளிடம் ஒப்பிட்டுத் தீர்ப்பளித்த ஆய்வு இல்லை. விளம்பரங்கள் கூறும் தீர்ப்பை நாம் தீர்ப்பாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆனால் ஒன்று தெளிவு. 1999இல் ஜெர்மானியர் சிலர் இறந்தோர் கால்களில் நிகழ்த்திய உடற்கூற்று ஆய்வு, குழல் செல்லும் திசையின் முதன்மையைக் காட்டிற்று. சிக்குள்ள கூந்தலில் சீப்பை நீளவாக்கில் இழுத்தால் மயிர் தப்பும். குறுக்கே இழுத்தால் அறும். நிணநீர்க் குழாய்கள் காலின் நீளவாக்கில் ஓடுவன. குழலும் அவ்வழியே செல்ல வேண்டும். குறுக்கே சென்றால், எவ்வளவு விலையுயர்ந்த பொறியும் தீங்கு செய்யும். பொறியினும் கை பெரிது என்பதே இதன் கருத்து.

இவ்வறுவையால் நோய் தணிகிறதா? லூபெக் நகரத்து மருத்துவர்கள் 2012இல் 112 பெண்களைப் பற்றி எழுதினர். வலி, கன்றல், வீக்கம் ஆகியவை குறைந்தன. பலருக்குக் காலுறையின் தேவையும் சுருங்கிற்று. 8 ஆண்டுகளும் 12 ஆண்டுகளும் கழித்து வினவியபோதும் அந்நலம் பெரும்பாலும் நிலைத்திருந்தது. ஆயினும் இவை ஒரே மருத்துவமனை தன் நோயாளிகளிடம் கேட்டறிந்தவை. ஒப்பிடுதற்கு வேறு குழு இல்லை. இங்கிலாந்தின் மருத்துவ மதிப்பீட்டு நிறுவனமான நைஸ், 2022இல், உடல்நீர்ச் சமநிலை கெடுதல், கொழுப்புத் துணுக்கு இரத்தத்தில் கலத்தல், நாளத்தில் இரத்தம் உறைதல், மரப்பு மருந்தின் நச்சு ஆகியவற்றைச் சுட்டி, ஆராய்ச்சிக்கு உட்பட்டே இவ்வறுவையைச் செய்யலாம் என்று கூறிற்று.

ஜெர்மனி வேறு வழியில் சென்றது. அங்கே பொதுக் காப்பீட்டின் கடமைகளை வகுக்கும் கூட்டுக் குழு, 2019இல், மூன்றாம் நிலையை எட்டியவர்க்கு மட்டும் செலவை ஏற்க இசைந்தது. உடன் ஓர் ஒப்பீட்டு ஆய்வையும் ஏற்பாடு செய்தது. அறுவை செய்தவரையும், காலுறை முதலிய சிகிச்சை மட்டும் பெற்றவரையும் அந்த ஆய்வு ஒப்பிட்டது. ஓராண்டின் முடிவில், வலி குறைவதில் அறுவை பெற்றவர் நிலையே மேலாயிருந்தது. அதனைக் கொண்டு 2025 ஜூலையில், நோயின் எல்லா நிலைகளிலும் இவ்வறுவைக்குக் காப்பீடு உண்டு என்று அக்குழு முடிவு செய்தது. 85 ஆண்டுகளுக்கு முன் பெயரிடப்பட்ட நோய்க்கு அப்பொழுதே இந்நீதி கிடைத்தது.

நம் நாட்டிலோ, மருத்துவக் காப்பீட்டு ஒப்பந்தங்கள் அழகுக்கான அறுவையை விலக்குவது வழக்கம். மருத்துவத் தேவை என்று மருத்துவர் சான்றளித்தால் விலக்கு தளர இடமுண்டு. ஆதலால் நோயின் பெயர், நிலை, வலியின் அளவு, முன்னர்ச் செய்த சிகிச்சை ஆகியவற்றை எழுத்தில் பெற்று வைத்தல் நன்று.

அறுவையை நாடும் பெண், 'உங்களிடம் என்ன பொறி இருக்கிறது?' என்று கேட்பதைவிட வேறு சில வினாக்களைக் கேட்பது பயன் தரும். இந்நோய் உள்ளவர் எத்தனை பேருக்கு நீங்கள் அறுவை செய்திருக்கிறீர்கள்? நிணநீர்க் குழாய்களை எவ்வாறு காப்பீர்கள்? ஒரு முறையில் எவ்வளவு எடுப்பீர்கள்? முதல் இரவில் என்னை யார் பார்த்துக்கொள்வார்கள்? 5 லிட்டருக்கு மேல் உறிஞ்சுவதைப் பேரளவு அறுவையாகக் கொண்டு, நோயாளியை இரவு முழுதும் தக்க கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் சங்கத்தின் நெறி. இரண்டு, மூன்று, சில வேளை அதற்கும் மேற்பட்ட தவணைகளாகப் பிரித்துச் செய்வதே அறிவுடைமை. ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துத் தருவேன் என்பவரிடம் தயங்கி நிற்க வேண்டும். அறுவைக்குப் பின் பல வாரம் இறுக்கக் காலுறை அணிய வேண்டும் என்பதையும், எடை கூடினால் பயன் குறையும் என்பதையும் மறைக்காமல் கூறுபவரே நம்பத்தக்கவர்.

அறுவை எல்லோருக்கும் வேண்டுவதன்று, எல்லோராலும் இயலுவதுமன்று. ஆனால் இந்நோயின் பெயரை அறிந்துகொள்வது எல்லோராலும் இயலும். நம் வீட்டிலோ அண்டையிலோ, கால் வலிக்கிறது என்று ஒரு பெண் சொல்லும்போது, 'குறைத்து உண்' என்று கூறுமுன், அவள் காலையும் பாதத்தையும் ஒருமுறை உற்றுப் பார்ப்போம். அவள் சொல்லை நம்புவோம். எந்த முறை அறுவைக்கும் முன்னதாகச் செய்ய வேண்டிய சிகிச்சை அது.