ஸ்நான அறையின் ஈரமும் காற்றோட்டமும்
(சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



கிராமங்களிலுள்ள பழைய சுண்ணாம்புக் காரை வீடுகள் பலவற்றில் முற்காலத்தில் ஸ்நான அறை இருந்ததில்லை. கிணற்றடியிலோ, கொல்லையில் மறைவு கட்டிய இடத்திலோ ஸ்நானம் நடைபெற்றது. சிந்திய ஜலம் வாழைக்கும் தென்னைக்கும் பாய்ந்தது. மிஞ்சிய ஈரத்தை வெயிலும் காற்றும் உலர்த்தின. பிற்காலத்தில் சௌகரியத்தை உத்தேசித்து, நெற்குதிர் இருந்த உள்ளறையொன்றை ஸ்நான அறையாக மாற்றுவது வழக்கமாயிற்று. ஜலம் வீட்டுக்குள் வந்தது. வெயிலும் காற்றும் உடன் வரவில்லை. சுவர் பொரிவதற்கும், உப்புப் பூப்பதற்கும், கரும்பூசணம் படர்வதற்கும் இதுவே பெரும்பாலும் காரணமாகும்.

இதனைக் கண்ட குடும்பஸ்தர் என்ன செய்கிறார்? கடன் வாங்கி, கொத்தனாரை அழைத்து, சுவர் முழுவதும் சிமெண்டு பூசுகிறார். சில காலம் சுவர் அழகாய்த் தோன்றும். பிறகு பூச்சுக்கு மேலே ஈரம் ஏறும். அடுத்த அறையிலும் கறை காணும். தவணை தீருமுன்னரே பூச்சுப் பெயர்வதும் உண்டு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உட்கொண்டு, காற்றுப்பட வெளிவிடும் இயல்புடையது. சிமெண்டு அவ்வழியை அடைக்கிறது. அடைபட்ட ஈரம் மேலேறுகிறது. சுவருக்குள் அடங்கிய உத்தரத்தின் முனையை அது எட்டுமாயின், மரம் உளுத்து மச்சுக்கே அபாயம் நேரிடும்.

ஆகையால், பணம் செலவிடுமுன் ஈரம் வரும் வழியை அறிதல் வேண்டும். ஜலம் தெறிக்காத உயரத்தில், ஒரு சாண் சதுரமுள்ள பிளாஸ்டிக் தாளைச் சுவரில் ஒட்டி, நான்கு ஓரங்களையும் நன்கு அடைத்து, இரண்டு தினங்கள் விட்டுவைக்க வேண்டும். தாளுக்குப் பின்னே, சுவர்ப்பக்கத்தில் நீர் துளிர்த்தால், ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கத்தில் துளிர்த்தால், வெந்நீரின் ஆவி வெளியேற வழியின்றிப் படிகிறது.

முதல் வகைக்குக் குழாய்க் கசிவையும் மச்சின் விரிசலையும் முதலில் அடைக்க வேண்டும். தரை, ஜலதாரையை நோக்கி அடிக்குக் கால் அங்குலம் சாய்ந்திருத்தல் அவசியம். ஜலதாரை சுவரோரத்தில் முடியலாகாது. கழிவு ஜலத்தை வாழைப் பாத்திக்கோ, கிணற்றுக்கு 50 அடிக்கு அப்பாலுள்ள உறிஞ்சு குழிக்கோ கொண்டுபோக வேண்டும். சுவரடியில் தேங்கும் அழுக்கு நீர், யானைக்கால் வியாதியைப் பரப்பும் கொசுவுக்குப் பிறப்பிடமுமாகும்.

இரண்டாம் வகைக்குக் காற்றே மருந்து. ஆவி கலந்த வெப்பக் காற்று இலேசானது, மேலே எழும். எனவே வெளிச்சுவரில், மச்சுக்குச் சற்றுக் கீழே, உத்தரம் தாங்கும் இடத்தை விலக்கி, ஓரடிச் சதுரத் திறப்பொன்று அமைத்துக் கம்பிவலை பதிக்க வேண்டும். கதவின் அடியில் இரண்டு விரற்கடை இடைவெளி விடுதலும் வேண்டும். புதுக்காற்று புக வழியில்லையேல் பழங்காற்று வெளியேறாது. வெளிச்சுவரே இல்லாத அறைக்கு, ஆவியைக் குழாய்வழி வெளியே தள்ளும் மின்விசிறி உதவும். ஸ்நானம் முடிந்தவுடன் தரை ஜலத்தைத் துடைப்பத்தால் தள்ளிவிடுவதற்குச் செலவே இல்லை.

பூச்சு வேலை கடைசியில் வருவது. பங்குனி, சித்திரையில் கெட்ட பூச்சை ஈரக்கறைக்கு மேல் இரண்டடி வரை கொத்தியெடுத்து, சுவரைக் கோடை முழுதும் காயவிட்டு, ஐப்பசி மழைக்கு நெடுநாள் முன்னரே சுண்ணாம்புச் சாந்து பூசுவது உத்தமம்.

ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வசிப்போருக்கு ஆஸ்துமாவும் சுவாச நோய்களும் அதிகம் காணப்படுவதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. ஆகவே இது சுவரை மட்டும் பொறுத்த விஷயமன்று. அவ்வீட்டுக் குழந்தைகளின் இருமலையும் பொறுத்தது. வீடு பழுதுபார்க்கக் கடன் மனு வரும்போது, ஜலதாரையும் ஜன்னலும் சீராயினவா என்று சங்கத்துப் பஞ்சாயத்தார் முதலில் விசாரிப்பாராயின், கடன் வாங்கியவரின் பணமும் வீணாகாது. சங்கத்தின் பணமும் தவறாது திரும்பும்.