தேய்ந்த பிரேக்குக்குக் கூலியில் பிடித்தமா?
(வலையபட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



லாரி ஓட்டும் தோழர் ஒருவர் நம்மிடம் வந்தார். 17 வருடம் ஓடிய வண்டி. பிரேக் லைனிங் தேய்ந்தது; பின் ஸ்பிரிங் பட்டை ஒடிந்தது. பட்டறைச் செலவில் பாதியை முதலாளி அவர் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். "நீ ஓட்டித்தானே கெட்டது?" என்றாராம்.

நாம் கேட்கிறோம்: மில்லில் கதிர் தேய்ந்தால் தொழிலாளியா விலை தருவது? உழுது கொழு மழுங்கினால் கூலி நெல்லைக் குறைப்பதா? ஓடுகிற வண்டி தேயத்தான் செய்யும். வாடகை யார் பைக்குப் போகிறதோ, ரிப்பேர்ச் செலவும் அவருடையதே!

சட்டம் என்ன சொல்கிறது? ஒப்படைத்த பொருள் தொழிலாளியின் கவனக்குறைவாலேயே கெட்டால்தான் பிடிக்கலாம். அதற்கு முன் அவர் விளக்கத்தைக் கேட்க வேண்டும். 1936-ஆம் ஆண்டு சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. தேய்மானம் கவனக்குறைவு அல்ல.

ஒற்றை லாரி வைத்திருப்பவருக்கும் சுமை உண்டு, நாம் மறுக்கவில்லை. 15 வருடம் கடந்த கனரக வண்டிக்கு எப்.சி. கட்டணம் 12,500 ரூபாய் என்று 2021-ல் ஒன்றிய அரசு அறிவித்தது. உதிரி பாகங்களுக்கு 28 சதவீதம் வரை இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில்தான் 18 ஆனது. இதை எதிர்த்து அவர் அரசிடம் போராடட்டும். நாமும் கூட நிற்போம். ஆனால், அந்தச் சுமையை ஓட்டுநர் வீட்டு அடுப்பில் இறக்கக் கூடாது!

பிரேக் ரிப்பேரைத் தள்ளிப்போட்டால் சாவது யார்? ஓட்டுநர், கிளீனர், மூட்டைமேல் உட்கார்ந்து வரும் சுமைகூலி. எல்லாம் நம் ஆட்கள்!

ஆகவே, கோளாறைத் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் பிடிக்காத வண்டியை எடுக்க ஒருவர் மறுத்தால் அவர் வேலை போகும். சங்கமாக மறுத்தால் வண்டி பட்டறைக்குப் போகும்!