கொட்டிற் குதிரையின் தீய பழக்கங்கள்

தீனி வரும் நேரம் கொட்டிலில் நிற்கும் குதிரைக்கு நன்கு தெரியும். வாளியின் ஓசை கேட்டதும் ஒரு குதிரை கதவை உதைக்கின்றது. அடுத்த அறையில் நிற்பது, கதவுக்கு மேலாகத் தலையை நீட்டி, இடமும் வலமுமாக ஓயாது ஆடுகின்றது. மூன்றாவது, தீனித்தொட்டியின் விளிம்பை முன்பற்களாற் பற்றிக் கழுத்தை வளைத்து இழுத்து, ஓர் உறுமலோடு காற்றை உள்வாங்குகின்றது. நான்காவது, நாற்சுவரையும் சுற்றிச் சுற்றி நடந்து தரையிலே தடம் பதித்துவிட்டது. இவற்றைக் குதிரை வளர்ப்போர் நெடுங்காலமாகத் தீய பழக்கங்கள் என்றே கூறிவந்தனர். இத்தகைய குதிரைக்கு விலை குறையும், அடி மிகும். ஆனால், பழி குதிரையைச் சாருமா, கொட்டிலைச் சாருமா என்பதே ஆராயத்தக்கது.

குதிரையின் இயல்பை முதலில் நோக்குவோமாக. வெளியிலே திரியும் குதிரை, நாளின் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 16 மணி நேரத்தை மேய்ச்சலிற் கழிக்கக்கூடியது. சிறிது மேய்வதும், சில அடி நடப்பதும், மீண்டும் மேய்வதுமே அதன் வாழ்வு. அதுவும் தனித்தன்று, கூட்டமாகவே. நெடுந்தீவின் வெளிகளிற் கட்டின்றித் திரியும் குதிரைகளைக் கண்டோர் இதனை அறிவர். வறட்சிக் காலத்தில் அவை நீரின்றி வாடுவதுண்டு. எனினும், பற்றிக் கடிக்கத் தொட்டியும், சுற்றி நடக்க நாற்சுவரும் அவற்றுக்கு இல்லை.

உடலமைப்பும் இவ்வாழ்வுக்கு ஏற்றதே. குதிரையின் இரைப்பையில் அமிலம் இடைவிடாது சுரக்கின்றது. அதனைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்பொழுது மாத்திரமே பெருகும். கொட்டிலில் நாளுக்கு இரு முறை தானியத்தை இட்டால் குதிரை அதனை விரைவில் உண்டு முடித்துவிடும். எஞ்சிய நெடும்பொழுதில் வாய்க்கு வேலையில்லை, வயிற்றில் அமிலம் மிகும், புண்ணும் தோன்றலாம்.

கொள்ளென்றால் வாயைத் திறக்கும் குதிரை, கடிவாளமென்றால் வாயை மூடும் என்பது பழமொழி. அந்தக் கொள்ளு முதலான செறிந்த தீனியிலேயே தொல்லையும் தொடங்கக்கூடும். இங்கிலாந்தில் 225 இளங்குதிரைகளை நான்கு ஆண்டுகள் கவனித்து 2002ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வொன்று, தாய்ப்பால் மறந்தபின் செறிந்த தீனி பெற்ற குட்டிகளிடையே தொட்டி கடிக்கும் பழக்கம் தோன்றும் வேகம் ஏறத்தாழ நான்கு மடங்காயிருந்ததெனக் காட்டிற்று.

இதற்கு மனிதர் கண்ட பரிகாரங்கள் கொடியவை. கழுத்தை இறுக்கும் தோற்பட்டி ஒன்று. 1926ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டவரான ஃபோர்செல் விவரித்த, கழுத்துத் தசைகளை அறுத்து நீக்கும் சத்திரசிகிச்சை மற்றொன்று. பட்டி கட்டியிருக்கும்வரை பழக்கம் அடங்கும். அவிழ்த்ததும் முன்னிலும் மிகுந்து எழுவதை ஆய்வாளர் கண்டனர். விளைவைத் தடுத்தனரேயன்றி காரணத்தை நீக்கினாரல்லர். ஒரு குதிரையைப் பார்த்து மற்றொன்றும் பழகும் என்றஞ்சித் தனியே அடைப்பதும் தவறு. அவ்வாறு பழகும் என்பதற்கு உறுதியான சான்றில்லை. தனிமையோ துன்பத்தைப் பெருக்கும்.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? புல்லும் உலர்புல்லும் நாள் முழுவதும் கிடைக்கச் செய்தல் முதலாவது. ஒரே குவியலாக இடாமல் இரண்டு மூன்று இடங்களில் வைத்தால், குதிரை நடந்து நடந்து உண்ணும். தானியத்தைக் குறைத்துச் சிறுசிறு பங்காக இடல் வேண்டும். நாள்தோறும் சில மணி நேரமாயினும் மற்றொரு குதிரையோடு வெளியில் விடுதல் வேண்டும். கொட்டிற் சுவரிற் சாளரம் அமைத்து அயற்குதிரையைக் காணச் செய்தால் தலையாட்டம் பெரிதும் குறைகின்றது. துணையில்லாத இடத்தில் சுவரிற் பொருத்திய கண்ணாடிகூடப் பயன் தந்தது.

கதவை உதைக்கும் குதிரையின் கதை வேறு. உதைத்தவுடன் தீனி வந்தால், உதையே தீனியைக் கொணர்ந்ததென அது கற்றுக்கொள்கின்றது. ஆதலின் ஓசையடங்கி அமைதியாக நிற்கும் தறுவாயிலேயே தீனியிடல் வேண்டும். அடித்தல் ஆகாது. திடீரெனத் தோன்றிய எப்பழக்கத்துக்கும் மிருக வைத்தியரை அழைத்து, பல்லையும் வயிற்றையும் பரிசோதிப்பித்தல் நன்று.

நெடுநாள் வேரூன்றிய பழக்கம் முற்றாக ஒழிதல் அரிது. இதனைக் குதிரைக்கு உரியவர் பொறுத்தே ஆகவேண்டும். பழக்கம் எஞ்சியிருந்தாலும் துன்பம் குறைந்திருந்தால் அதுவே பேறு. குட்டிப் பருவத்திலேயே புல்லும், துணையும், நடக்க வெளியும் அளிப்பவரோ இத்தொல்லையைப் பெரும்பாலும் காணார். வாயில்லாச் சீவன் தன் குறையைத் தன் உடலாலேயே உரைக்கின்றது. அதனைக் குற்றமெனக் கொள்ளாது முறையீடெனக் கேட்பவரே நல்ல குதிரைக்காரர்.